எதிராள்

முதல் நாள் அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை.

தனுஷ்கோடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியையும், அதன்மேல் வைத்திருந்த சோப்பு டப்பா அளவுள்ள ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே" என்றார். பதில் இல்லை. "அண்ணே, நான்தான் கோடி வந்திருக்கேன்" என்றார். தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் வந்தது. அசல் சங்கரபாண்டியன் செருமல். காலையில் முதல் வெற்றிலையைத் துப்பிவிட்டு பிரஸ்ஸுக்குள் நுழைகிறபோது செருமுவாரே, அதேதான். ஐம்பத்தொன்பது வயது தனுஷ்கோடிக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை. பொறுக்க முடியாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் எஸ்தரிடம் குனிந்து, "மெஷின் ரிப்பேரா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, நல்லாத்தான் ஓடுது. அண்ணன் உங்ககூடப் பேச மாட்டாருன்னு நீங்கதானே படிவத்துல எழுதிக் குடுத்தீங்க?"

"எழுதினேன். அதுக்காக?"

"அது பேசுச்சுன்னா அப்புறம் அது உங்க அண்ணன் இல்லையே."

தனுஷ்கோடி வேட்டி மடிப்பை நீவிக்கொண்டார். இதற்குத்தானா வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தோம் என்று இருந்தது.

சிவகாசி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது 'சொற்கூடம்'. முன்பு டியூஷன் சென்டராக இருந்த இடம். சுவரில் பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டை ஒட்டியிருந்த தடம் இன்னும் தெரிந்தது. ஊரில் சண்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் அங்கே கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. மாமியாரோடு ஆகாத மருமகள், மருமகளோடு ஆகாத மாமியார், முதலாளியிடம் பேசப் பயந்த சூப்பர்வைசர், காதலித்தவளிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாத பையன்கள் என எல்லோரும் தனித்தனியாக மாடி ஏறினார்கள். ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர், ஓர் அறை, ஓர் எதிராள். சண்டைக்கார மனிதரைப் போலவே பேசும் அந்தப் பெட்டிக்கு அங்கே எதிராள் என்று பெயர். அதனிடம் பேசிப் பழகி, தேறி, பிறகு நிஜ மனிதரிடம் போக வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

"அவரை மாதிரியே எப்படிம்மா?" என்று பெட்டி தயாரானபோதே கேட்டிருந்தார்.

"உங்க வீட்டுக் கல்யாண வீடியோ, பழைய வாய்ஸ் மெசேஜ், அப்புறம் நீங்க என்கிட்ட நாலு நாள் உக்காந்து சொன்ன கதையெல்லாம். முக்காவாசி நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி. மிச்சத்தை அது ஊகிச்சுக்கும்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"வேணாம். அவரைப் பத்தின உங்க ஞாபகம் உங்களுக்குச் சொந்தம். சட்டமே அப்படித்தான் சொல்லுது. உங்க ஞாபகத்தை வச்சு நீங்க என்ன வேணா செய்யலாம்."

அது என்ன சட்டமோ என்று தனுஷ்கோடிக்குத் தோன்றியது. ஆனால் சட்டத்தோடு மல்லுக்கட்டுகிற நிலையில் அவர் இல்லை. பேப்பர் கடையில் யாரோ போகிறபோக்கில் சொன்ன செய்தி அவரை மாடி ஏற வைத்திருந்தது. மதுரையில் மகனோடு இருக்கும் சங்கரபாண்டியனுக்கு இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம். எழுபத்தோரு வயசில் இனி கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். ஆறு மாதமோ, ஒரு வருஷமோ. அதற்குள் அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லி, அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்கியாக வேண்டும். அது திட்டாக இருந்தாலும் சரி.

விஷயம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

உலகத்தில் எல்லாம் கைபேசிக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் கல்யாணப் பத்திரிகை மட்டும் காகிதத்தை விடவில்லை. தாம்பூலத் தட்டில் கைபேசியை வைத்து நீட்ட யாருக்கும் மனம் வரவில்லை போலும். அந்தப் புண்ணியத்தில் சகோதரர்கள் இருவரின் பிரஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா செத்தபோது தனுஷ்கோடிக்குப் பத்து வயது, சங்கரபாண்டியனுக்கு இருபத்திரண்டு. பிரஸ்ஸையும் தம்பியையும் ஒன்றாகத் தூக்கி வளர்த்தவர் அவர். தம்பிக்குப் புரூஃப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. முதலில் பெயர்கள், அப்புறம் தேதி, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பார். பேர் விட்டுப் போனால் குடும்பம் விட்டுப் போகும் என்று பயமுறுத்துவார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் தனுஷ்கோடியின் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த வாரம்தான் நிறம் ஒன்றோடொன்று சேராமல் அடித்த ஒரு கட்டு ஷீட்டை அண்ணன் தூக்கித் தரையில் எறிந்து, பதினெட்டு தொழிலாளிகள் முன்னால், "உனக்கெல்லாம் எதுக்குடா பிரஸ்?" என்று கேட்டார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷனைக் கேட்கிற கேள்வியா அது? தனுஷ்கோடி குனிந்து, சிதறிய ஷீட்டுகளைப் பொறுக்கினார். மூன்றாம் நாள் மகளின் பத்திரிகை புரூஃப் மேஜைக்கு வந்தது. அவர்கள் குடும்பத்தில் மூத்தவர் பெயரில்தான் பத்திரிகை தொடங்கும். கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபி பெண் வேறொரு வீட்டுப் பத்திரிகையை எடுத்து அதன்மேலேயே மாற்றம் செய்திருந்ததில், பெரியப்பா சங்கரபாண்டியன் என்ற வரி விழுங்கப்பட்டிருந்தது. தனுஷ்கோடி ஒரு நொடியில் பார்த்துவிட்டார். சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. அதைக் கொண்டு ஓரத்தில் குறிக்காமல், கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அந்த இரண்டு நாளில் ஆயிரத்தைந்நூறு பத்திரிகை அடித்து மடித்துக் கட்டிவிட்டார்கள். முறைப்படி தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சங்கரபாண்டியன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார். தட்டிலேயே திருப்பி வைத்தார். "அச்சு நல்லா விழுந்திருக்கு" என்றார். அதோடு சரி. கல்யாணத்துக்கு வரவில்லை. மறு வாரம் பிரஸ் சாவியை ஃபோர்மேன் கையில் கொடுத்தனுப்பிவிட்டு மதுரைக்குப் போனார். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை.

ஊருக்கே பத்திரிகை அடிக்கிறவன் வீட்டில் இப்படியா என்று கேட்டவர்களுக்கெல்லாம், டிடிபி பெண் செய்த கோளாறு என்று தனுஷ்கோடி சொன்னார். அந்தப் பெண் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். இதையும் எஸ்தரிடம் சொல்லியிருந்தார். எஸ்தர் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அவரைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. அவளுக்கு முன்னால் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது அவமானமாக இருந்தது.

இரண்டாம் வாரமும் பெட்டி பேசவில்லை. மூன்றாம் வாரம் "என்ன?" என்றது. அந்த ஒரு வார்த்தைக்கே தனுஷ்கோடி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். உடனே அவசர அவசரமாக, அன்றைக்கு மெஷினில் ரோலர் தேய்ந்திருந்தது, ஷீட்டை எறிந்தது தப்பு, டிடிபி பெண் புதுசு என்று கொட்ட ஆரம்பித்தார். எஸ்தர் கையை உயர்த்தினாள்.

"பத்து வரி பின்னாடி போவோமா அண்ணாச்சி?"

அந்த அறையில் அந்த வசதி இருந்தது. அவள் கைத்திரையை ஒரு தட்டுத் தட்டினால் எதிராள் கடைசிப் பத்து வரியை மறந்துவிடும். மறுபடி "என்ன?" என்று கேட்கும்.

"நீங்க மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, கேஸ் நடத்த வந்தீங்களா?" என்றாள் எஸ்தர். "ஒரு நிமிஷத்துல எட்டு தடவை 'ஆனா' சொல்லிருக்கீங்க. அவரு பேசும்போது நீங்க கேக்கவே இல்ல. உள்ளுக்குள்ள பதில் தயார் பண்ணிட்டு இருக்கீங்க."

"பழக்கம் பாப்பா."

"தெரியுது. இன்னொரு தடவை."

இப்படியாக அவருடைய பேச்சை அவளும் பெட்டியும் சேர்ந்து புரூஃப் பார்த்தார்கள். பின்னால் போவதும் முன்னால் வருவதுமாக மேலும் ஐந்து வாரம் ஓடியது. அண்ணன் திட்டினார். தொழிலைப் பற்றிப் பேச்சை மாற்றினார். ஒருநாள் பாதியில் எழுந்து போய்விட்டது போலக் கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்டது. தனுஷ்கோடி திரும்பிக் கதவைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று கண்டு வெட்கப்பட்டார். வீட்டில் மனைவி செல்வக்கனி, "எழுபது கிலோமீட்டர் தூரத்துல ஒரு மனுஷன் உயிரோட இருக்காரு, நீங்க பாத்திரக்கடை மாடியில பொட்டிகூடச் சண்டை போட்டுட்டு வாரீங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நேரே போய் நின்றால் நாக்கு எழாது என்பது அவருக்குத்தான் தெரியும். பத்து வருஷத்தில் நான்கு தடவை மதுரை பஸ்ஸில் ஏறி, நான்கு தடவையும் விருதுநகரில் இறங்கித் திரும்பி வந்தவர் அவர்.

ஒன்பதாவது வாரம் சொல்லிவிட்டார்.

"அண்ணே. புரூஃப்ல உங்க பேரு இல்லைன்னு நான் பார்த்தேன். பேனா கையில இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஒரு 'ஆனா'கூட இல்லை. எஸ்தர் கைத்திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் ஓசை வந்தது.

"தெரியும்டா" என்றார் அண்ணன். "ஒரு புள்ளி விட்டுப்போனாலே உன் கண்ணுல படும். உனக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தானே? அன்னைக்கே தெரியும்."

தனுஷ்கோடி வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார்.

"சரி, விடு. போய் வேலையைப் பாரு."

சின்ன வயதில் எவ்வளவு பெரிய தப்புக்கும் அண்ணன் இப்படித்தான் கணக்கு முடிப்பார். தனுஷ்கோடி அழுதார். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதார். எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அழுது முடித்ததும் முதல் சந்தேகம் வந்தது. "அவரு நிஜமாவே இப்படித்தான் சொல்லுவாரா?"

"சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். இது உங்க மனசுல இருக்கிற அண்ணன்."

"அப்ப என்னை நானே மன்னிச்சுக்கிட்டேன், அவ்வளவுதானா?"

எஸ்தர் கைத்திரையை அணைத்து வைத்தாள். "பத்துல ஏழு பேரு இதோட நிறுத்திக்கிறாங்க அண்ணாச்சி" என்றாள் பிறகு. "பாரம் இறங்கிருது. அப்புறம் எதுக்குப் போகணும்னு ஆயிடுது. எதிராளை வீட்டுக்கே எடுத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க. தினமும் ஒரு மணி நேரம், எந்த நேரம் வேணுமோ அந்த நேரம். எங்க மேலிடத்துக்கு அதுல ரொம்ப சந்தோஷம். உங்ககிட்டயும் கேக்கச் சொல்லிருக்காங்க. வேணுமா?"

"எனக்கு எங்க அண்ணன்தான் வேணும்" என்றார் தனுஷ்கோடி.

"அப்ப இந்த வாரமே போங்க. தள்ளிப் போடாதீங்க." அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது முகத்திலேயே தெரிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "அங்க பத்து வரி பின்னாடி போக முடியாது, ஞாபகம் வச்சுக்கங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மதுரை பஸ்ஸில் ஏறினார். விருதுநகர் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கதவை முகத்தில் சாத்தினால் என்ன சொல்வது, கதவே திறக்காவிட்டால் என்ன செய்வது, பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் நிற்பது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்பது வாரம் படித்த படிப்பு அது.

மதுரையில் திருப்பாலைக்குப் போய் வீட்டைக் கண்டுபிடித்து மணியை அழுத்தியபோது மணி மூன்றேகால். மதினி பூங்கனிதான் கதவைத் திறந்தாள். அவளுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. இவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா திகைப்பா என்று சொல்ல முடியவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள் மெதுவாக.

சங்கரபாண்டியன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாதியாக இளைத்துப்போயிருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். கால் வீங்கி இருந்தது. தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார்.

"அடடே, கோடியா? வா, வா. உக்காரு. பஸ்ஸுலயா வந்த? வெயில் கொல்லுதே."

இதற்கு மட்டும் தனுஷ்கோடியிடம் பதில் தயாராக இல்லை.

முந்தாநாள் பார்த்துப் பிரிந்தவனைக் கேட்கிற மாதிரி அல்லவா கேட்கிறார்! உட்கார்ந்தார். அண்ணன் இலக்கியாவுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார். ரெண்டு என்றார். பிரஸ் எப்படிப் போகிறது என்று கேட்டார். போகுது என்றார். காகித விலையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கோபம் மருந்துக்கும் இல்லை. குத்தல் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஆளிடம் விசாரிப்பது போல இதமாக இருந்தது பேச்சு. அந்த இதம் தனுஷ்கோடியை என்னவோ செய்தது. இப்போதே சொல்லாவிட்டால் காபி குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிடும் என்று பயந்தார்.

"அண்ணே, அந்தப் பத்திரிகை விஷயமா..."

"அதை ஏண்டா இப்ப எடுக்கிற? அதுதான் பேசித் தீர்த்து ரெண்டு வருஷம் ஆச்சே."

தனுஷ்கோடி மதினியைப் பார்த்தார். நோய் மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று பட்டது. அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"புத்தி நல்லாத்தான் இருக்கு, பயப்படாதே. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் என் மூத்த பையன் கூட்டிட்டுப் போய் விட்டான். சொற்கூடம்னு ஒண்ணு, இங்கயும் இருக்கு. மனசுல இருக்கிறதைப் பேசித் தீருங்க, அப்பதான் பிரஷர் இறங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு வேற யார்கூடச் சண்டை? உன்கூடத்தானே? உன்னையே பண்ணிக் குடுத்தாங்க. முதல்ல மூஞ்சி குடுத்துப் பேசல நான். அப்புறம் அவனே அழுதான். புரூஃப்ல கவனிக்கல அண்ணே, கல்யாண அலைச்சல்ல கண்ணு தெரியலன்னு அழுதான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பத்து வயசுப் பயலா என் கையைப் புடிச்சிட்டுத் திரிஞ்சவன்தானே! சரி விடுடான்னுட்டேன்."

"அண்ணே, அது மெஷின்."

"தெரியாதா எனக்கு? மெஷின்தான். ஆனா தினமும் வாரான். எட்டு வருஷம் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ வரலையே."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. தனுஷ்கோடி நாற்காலியை விட்டு இறங்கி அண்ணனின் வீங்கிய காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அது சொன்னது பொய். நான் சொல்றதைக் கேளுங்க. புரூஃப்ல உங்க பேரு இல்லைன்னு நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டார். ஒன்பது வாரம் பழகியதைவிட நன்றாகவே சொன்னார். தலையைத் தூக்கி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அடிக்கட்டும், உமிழட்டும், எழுந்து போ என்று கத்தட்டும்.

சங்கரபாண்டியன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. மனசு சரியில்லாத ஒருவரைப் பார்க்கிற மாதிரி இரக்கம்தான் இருந்தது.

"ஏன் இப்படியெல்லாம் பேசுற? என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல."

"அண்ணே, நான்தான் அண்ணே உங்க தம்பி. நான்தான் சொல்றேன்."

"நீ எதையோ நினைச்சு உன்னையே வருத்திக்கிற. அவனை எனக்குத் தெரியும். தூக்கி வளத்தவன் நான். அவன் மனசறிஞ்சு எனக்குத் துரோகம் செய்யமாட்டான்." மூச்சு வாங்கியது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். மதினி ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். "மணி என்ன ஆகுது? நாலா? அவன் வர்ற நேரம். நீ உக்காரு, காபி குடிச்சிட்டுப் போ." மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குழாயோடு இணைந்த சிறு உருளையை இழுத்தபடி பக்கத்து அறைக்குள் போனார். கதவு ஒருக்களித்து நின்றது.

தனுஷ்கோடி தரையிலேயே இருந்தார். அவர் மனசிலிருந்த அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தே மன்னித்தார். அண்ணன் மனசிலிருக்கும் தம்பி தப்பே செய்யவில்லை. அந்த இரண்டு பேருக்குள் எந்த வழக்கும் இல்லை. வழக்கு இருப்பது இவருக்கு மட்டும். அதை வாங்கிக்கொள்ள உலகத்தில் ஆளில்லை. டிடிபி பெண்ணைத் தேடிப் போகலாம் என்று ஒரு கிறுக்கு யோசனை வந்தது. அவள் எந்த ஊரில் எந்தப் பெட்டியோடு கணக்கு முடித்திருக்கிறாளோ!

மதினி காபியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க மதினி."

"இப்ப அவருகிட்டச் சொன்னீங்கள்ல, அதை இனிமே சொல்லாதீங்க."

அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும், நீங்க பாத்துட்டுத்தான் விட்டீங்கன்னு. ஒரு பொம்பளைக்குத் தெரியாதா? அவருக்கும் தெரிஞ்சுதான் எட்டு வருஷம் சரியாச் சாப்பிடாம, தூங்காம, நெஞ்சைக் கெடுத்துக்கிட்டாரு. இந்தப் பொட்டி வந்த பிறகுதான் சிரிச்சாரு. அவன் கவனிக்கலையாம் பூங்கனி, கவனிக்கலையாம்னு அன்னைக்கு எத்தனை தடவை சொன்னாருங்கிறீங்க! டாக்டர் அப்ப குடுத்த கணக்கைவிட ஒரு வருஷம் கூடவே இருக்காரு. அது உங்களாலதான். உங்களாலன்னா..." அவளுக்கு அதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. கையை அறைப் பக்கம் காட்டிவிட்டு விட்டுவிட்டாள். "இருக்கிற கொஞ்ச நாளைக்கு அவனைக் கொன்னுடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

நிஜமாகவே கும்பிட்டாள். மூத்தவள், தாய் ஸ்தானத்தில் இருப்பவள், தன் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "விடுங்க மதினி, சொல்லல" என்றார். அதைச் சொன்ன மாத்திரத்தில் தன் வாழ்க்கையில் இனி ஒருபோதும் இந்தப் பாரம் இறங்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. செய்ய ஒன்றுமில்லை. காபியை எடுத்து உறிஞ்சினார். இனிப்புத் தூக்கலாக இருந்தது, பழைய கைப்பக்குவம்.

உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. முப்பது வயதுக் குரல், சளி கட்டாத, சிகரெட் தொடாத குரல். அது தன்னுடையது என்று பிடிபட அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. அது எதையோ சொல்லி, "இல்லையா அண்ணே?" என்று கேட்டது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை நோயிலும் அந்தச் சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை. அந்தக் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அண்ணன் பேசும்போது குறுக்கே பேசவில்லை. முழுதாகக் கேட்டது, பிறகு பதில் சொன்னது. நல்ல தம்பியாகத்தான் இருந்தான் அவன். தனுஷ்கோடிக்கே அவனைப் பிடித்துப் போயிற்று.

"ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டுச்சே" என்றான் உள்ளே இருந்தவன். "வீட்டுக்கு யாரு வந்திருக்கா அண்ணே?"

"தெரிஞ்சவரு ஒருத்தர்டா" என்றார் சங்கரபாண்டியன். "பாவம், ரொம்ப மனசு ஒடிஞ்சு போயிருக்காரு. காபி குடிச்சிட்டுக் கிளம்பிருவாரு. நீ சொல்லு."

மதினி எழுந்து போய்க் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்தாள்.